கோழி போட்ட பென்னி

ராத்திரி டியூட்டியில் இரண்டு மணி ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டால் மூன்றரை வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த நேரத்தில் காரிடார் கோடியில் இருக்கும் அறையில் விளக்கு எரிந்தால், பாட்டி முழித்துவிட்டார், டப்பாவைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம்.

லிமெரிக் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அயர்லாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே தொண்ணூறு வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதுதான் மரியாதை. வந்த புதிதில் எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது பழகிவிட்டது, வாயில் பெயர் வரும், மனசுக்குள் பாட்டிதான். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அதனால் பாட்டி என்றே இருக்கட்டும்.

பாட்டிக்கு நடுப்பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் ஒரு புகை, ஓரத்தில் மட்டும் நிழல் தெரியும். ஆனால் அந்த பிஸ்கட் டப்பாவில் இருக்கும் நாற்பது சொச்சம் காசுகளில் எதை எடுத்துக் கையில் கொடுத்தாலும், கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டிவிட்டு இன்னது என்று சொல்லிவிடுவார். "கோழி." "நாய்." "மீன்." தொகையைச் சொல்லவே மாட்டார். ஒரு பென்னி என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அவருக்கு அது கோழி.

முதல் நாள் ராத்திரி நான் என் பேனா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பெரிய செம்பு நிறக் காசு. ஐந்து ரூபாய் காசைவிட நன்றாகவே அகலம். ஒரு பக்கம் யாழ் மாதிரி ஒரு வாத்தியம், ஹார்ப் என்பார்கள், மறு பக்கம் ஒரு தாய்க்கோழி, காலடியில் குஞ்சுகள். அவ்வளவுதான். ராஜா இல்லை, ராணி இல்லை, தலைவர் இல்லை, சிங்கம் புலி எதுவும் இல்லை. எங்கள் வீட்டுப் புறவாசலில் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்குமே, அந்தக் கோழி. ஒரு நாடு தன் காசில் இதைப் போட்டிருக்கிறது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் 25 காசில் காண்டாமிருகம் இருந்தது, சரி, அது ஒரு கம்பீரமான மிருகம். அடைக்கோழியைக் காசில் போட ஒரு தைரியம் வேண்டும்.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி 'ஐரிஷ் சுதந்திர நாடு' ஆனது. பெயர்தான் சுதந்திரம், பிரிட்டிஷ் ராஜாவின் தலைமையை ஏற்ற டொமினியன் அது, அன்றைய கனடா, ஆஸ்திரேலியா மாதிரி. ஆனால் கனடாக் காசிலும் ஆஸ்திரேலியாக் காசிலும் ராஜாவின் தலை இருந்தது. இவர்கள் தங்களுக்கென்று காசு அடிக்க 1926இல் சட்டம் போட்டபோது, ராஜா தலை வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை, உயிரோடு இருக்கும் யார் தலையும் வேண்டாம் என்று வைத்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ராஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தங்கள் ஆளை உட்கார வைப்பதுதான் உலக வழக்கம். அப்போதுதான் ஒரு உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது, எந்தத் தலையைப் போட்டாலும் பாதி நாடு முறைத்திருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்.

நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் ஒரு குழு போட்டார். அதற்குத் தலைவர் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ். 1923இல் நோபல் வாங்கியவர், அப்போது செனட்டராகவும் இருந்தார். தாகூரை மேற்கு நாட்டுக்காரர்கள் படிக்கக் காரணமானவர்களில் ஒருவர் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம், அதே யேட்ஸ். ஒரு நாட்டின் ரசனையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் பேசாத தூதர்கள் காசுகள் என்பது அவர் செனட்டில் சொன்ன கருத்து.

அரசாங்கம் வைத்த நிபந்தனைகள் கொஞ்சம்தான்: ஒரு பக்கம் ஹார்ப் இருக்க வேண்டும், எழுத்து ஐரிஷ் மொழியில் இருக்க வேண்டும், இக்கால மனிதர் படம் கூடாது. மற்றதெல்லாம் குழுவின் பாடு. மூன்று இலைகள் சேர்ந்த ஷாம்ராக் இலையைப் போடலாமே என்று யாருக்கும் தோன்றும். இங்கே செயின்ட் பாட்ரிக் தினத்தன்று தொப்பி, பனியன், பீர் டம்ளர் வரை அந்த இலைதான். யேட்ஸ் குழு அந்த மாதிரி அடித்துத் துவைத்த தேசபக்திச் சின்னங்களை ஓரம் கட்டிவிட்டது. அதற்குப் பதில் அவர்கள் கலைஞர்களுக்கு அனுப்பியது பழைய கிரேக்கக் காசுகளின் புகைப்படங்களை. சிசிலியில் இருந்த கிரேக்கக் குடியேற்றங்களின் காசுகள், கூடவே கார்த்தேஜின் காசு ஒன்று. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் காசுகளில் காளையும் குதிரையும் முயலும் இருந்தன. இந்த நாட்டின் சொத்தே ஆடுமாடும் குதிரையும் ஆற்று மீனும்தானே, அதையே போடுவோம் என்று முடிவானது.

என் டார்ச் வெளிச்சத்தில் டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் ஒரு முழுத் தொழுவமே இருக்கிறது. இதற்கு இங்கே பட்டிக் காசு என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயரும் உண்டு. கால் பென்னியில் நீண்ட அலகுள்ள ஒரு பறவை பறக்கிறது, உட்காக் என்பார்கள். அரைப் பென்னியில் தாய்ப்பன்றியும் குட்டிகளும். ஒரு பென்னியில் நம் கோழி. மூன்று பென்ஸில் (பென்னிக்குப் பன்மை பென்ஸ்) முயல். ஆறு பென்ஸில் ஓநாய் வேட்டை நாய். ஷில்லிங்கில் காளை. இரண்டு ஷில்லிங் காசான ஃப்ளோரினில் சால்மன் மீன். எல்லாவற்றிலும் பெரிய அரைக் கிரவுனில் குதிரை. வரிசையைக் கவனித்தால் புரியும்: ஏழை வீட்டு மிருகம் சின்னக் காசில், பணக்காரன் மிருகம் பெரிய காசில். பன்றியும் கோழியும் குடிசையில் இருந்தவை, வேட்டைக் குதிரை பங்களாவில் நின்றது.

கணக்கு முறையும் பழையது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக ஒரு பவுண்டுக்கு 240 கோழி. எனக்கு இது சிரிப்பாக இல்லை. எங்கள் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில் 28 சக்கரம் ஒரு ரூபாய், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. என் அம்மாவின் அம்மா சாகும் வரை சக்கரத்தில்தான் பழைய கதை சொல்வார். அந்தக் காசில் ஒரு சங்கு இருக்கும். லிமெரிக் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "சங்கு என்ன தின்னும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கோழி என்றால் தெரியும்," என்றார்.

சரி, பன்றிக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மூன்று ஐரிஷ் சிற்பிகளையும் வெளிநாட்டுச் சிற்பிகள் சிலரையும் அழைத்திருந்தார்கள். ஸ்வீடனின் கார்ல் மில்லெஸ், அமெரிக்காவின் பால் மேன்ஷிப், யூகோஸ்லாவியாவின் இவான் மெஷ்ட்ரோவிச் எல்லாம் அன்றைக்குப் பெரிய பெயர்கள். மெஷ்ட்ரோவிச்சுக்குக் கடிதம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவருடைய ஹார்ப் போட்டி முடிந்தபிறகு வந்தது. அது வீணாகவில்லை, பிற்பாடு மத்திய வங்கியின் முத்திரை ஆனது. வந்தவற்றில் எட்டுக் காசுக்கும் தேர்வானவை ஒரே ஆளுடையவை: பெர்சி மெட்கால்ஃப். ஆள் யார் என்றால், யார்க்‌ஷயரில் பிறந்த இங்கிலாந்துக்காரர். 1940இல் பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கத்தை வடிவமைத்தவரும் அவரே. அதாவது, பிரிட்டனிடமிருந்து விலகி நிற்கும் ஒரு நாட்டின் முதல் காசை வரைந்தவர் ஒரு பிரிட்டிஷ்காரர், அடித்துக் கொடுத்தது லண்டன் ராயல் மின்ட். யேட்ஸ் வாழ்நாளெல்லாம் காதலித்தும் கிடைக்காத மாட் கான் அம்மையார் இதைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்துக்காரன் வரைந்து, இங்கிலாந்தில் அடித்து, ஐரிஷ்காரன் காசு கொடுக்கிறான் என்பது அவர் பொருமலின் சாரம். நியாயமான பொருமல்தான்.

மெட்கால்ஃபின் மாதிரிகளை விவசாய அமைச்சகத்து நிபுணர்களின் பார்வைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆரம்பித்தது. கால்நடை அறிந்த அந்த அதிகாரிகளுக்குச் சிற்பம் வேண்டாம், நல்ல ஜாதி மாடு வேண்டும். குதிரையின் கால் இப்படி நிற்காது என்று திருத்தினார்கள். முதலில் செய்த காளை, குழுவுக்கு மிகப் பிடித்த காளை, இனவிருத்திக்கு லாயக்கான உடல்வாகு இல்லை என்பது போன்ற காரணத்தால் போனது. பன்றிக்கு வந்ததுதான் பெரிய சோதனை. மெட்கால்ஃப் முதலில் செய்த தாய்ப்பன்றிக்கு உருண்டை கன்னம். தலையைத் தூக்கிக்கொண்டு, ஊரையே அலட்சியமாகப் பார்க்கிற மாதிரி நிற்கும். கன்னம் பெருத்த பன்றிக்குச் சந்தையில் விலை இல்லை என்று நிபுணர்கள் சொல்ல, கன்னம் போயிற்று. கன்னத்தோடு அந்தத் திமிரும் ஞானமும் போயிற்று, குட்டிகளின் கொழுகொழு உடம்பும் போயிற்று, விலைபோகும், ஆனால் உயிர் குறைந்த பன்றிகள் வந்து சேர்ந்தன என்று யேட்ஸ் பிற்பாடு வருத்தப்பட்டு எழுதினார்.

நான் அரைப் பென்னியை எடுத்து டார்ச்சில் பார்த்தேன். உண்மைதான். பன்றி கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. முதுகு நீளம், மூக்கு நீளம், முகத்தில் சதையே இல்லை. குட்டிகள் அவசரத்தில் நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் ஈஸ்டருக்கு முந்தின நாள் பன்றிக்கறிக்கு வரிசையில் நிற்பவள் நான், எனக்குப் பன்றி முகம் தெரியும். பாவம், கவிஞருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்து, அதைப் பாட்டியிடம் ஒரு கதை மாதிரி சொன்னேன். கவிஞர் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

பாட்டி தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அந்த அதிகாரி சரியாகத்தான் சொன்னான். கன்னம் பெருத்த பன்றியை எவன் வாங்குவான்? கன்னத்தில் பேக்கன் வருமா?"

லிமெரிக்குக்குப் 'பன்றி நகரம்' என்றே ஒரு செல்லப்பெயர் இருந்தது. மேட்டர்சன், ஷா, ஓமாரா என்று மூன்று பெரிய பேக்கன் ஆலைகள், அதாவது உப்பிட்ட பன்றிக்கறி ஆலைகள், இங்கே ஓடின, லிமெரிக் ஹாம் என்றால் வெளிநாட்டிலும் பெயர். பாட்டியின் அப்பா விடியற்காலையில் வண்டியில் பன்றிகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போவாராம். உடம்பு நீளமாக, கொழுப்பு குறைவாக இருந்தால் நல்ல விலை. தலை பெருத்திருந்தால் எடைதான் கூடும், காசு கூடாது. அந்த விலையில்தான் பாட்டிக்குப் பூசைக்குப் போட்டுப்போகும் ஷூ வந்தது. "கவிஞருக்கு என்ன, பன்றியைப் பார்த்தாலே போதும். நாங்கள் விற்கவேண்டும்," என்றார். இவ்வளவு நாள் யேட்ஸ் பக்கம் இருந்த நான் அன்றைக்குக் கட்சி மாறினேன். முழுசாக இல்லை. அந்த முதல் பன்றியின் திமிரை ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்று இன்னமும் இருக்கிறது.

கோழிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. பன்றிப் பணம் அப்பாவுடையது, கோழி அம்மாவுடையது. முட்டை விற்ற காசில் வீட்டு ஆண்கள் கை வைப்பதில்லை. வாரம் ஒரு தடவை ஊருக்குள் வரும் மளிகை வண்டிக்காரரிடம் முட்டையைக் கொடுத்துவிட்டு டீத்தூளும் சர்க்கரையும் வாங்குவது பாட்டியின் அம்மா வேலை. மிச்சம் இருந்தால் ஒரு பென்னி, ஒரு கோழி, பாட்டியின் கைக்கு வரும். இதைக் கேட்டபோது எனக்கு என் அம்மா ஞாபகம்தான். முட்டைக்காசைத் தகர டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

12 டிசம்பர் 1928இல் இந்தக் காசுகள் புழக்கத்துக்கு வந்தன. வந்த உடனே எல்லாரும் கொண்டாடவில்லை. கத்தோலிக்க நாட்டின் காசில் ஒரு சிலுவை இல்லை, ஒரு புனிதர் இல்லை, மிருகத்தைப் போட்டு வைத்திருக்கிறார்களே, இது அஞ்ஞானிகளின் காசு என்று சாமியார்கள் உட்படப் பலர் திட்டினார்கள். பன்றியையும் கோழியையும் போட்டு, நம்மைப் பட்டிக்காட்டான் என்று காட்டிவிட்டார்களே என்று கூச்சப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரியும். இங்கே புதிதாக வந்தபோது, எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தோம் என்பதை ஒரு வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சால்மனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது வெறும் ஆற்று மீன் இல்லை. ஐரிஷ் பழங்கதையில் ஞான மீன் என்று ஒன்று வருகிறது. அதை முதலில் ருசிப்பவனுக்கு உலக ஞானம் எல்லாம் வந்துவிடும். ஒரு புலவர் ஏழு வருஷம் காத்திருந்து அதைப் பிடித்து, சமைக்கச் சொல்லித் தன் சீடன் ஃபின் மெக்கூலிடம் கொடுக்கிறார், நீ வாயில் வைக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு. சமைக்கும்போது கை சுட்டுவிட, பையன் கட்டைவிரலை வாயில் வைத்துச் சூப்பிவிடுகிறான். ஞானம் அவனுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் தெரியவேண்டும் என்றால் கட்டைவிரலை வாயில் வைத்தால் போதும். பாட்டி ஃப்ளோரினைத் தடவிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னார். விரல் மீனின் மேல்தான் இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அந்த ஃப்ளோரினால்தான் நான் ஏமாந்த கதையும் வந்தது. இவ்வளவு படித்தபிறகு எனக்கென்று ஒரு மீன் வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் பழைய சாமான் மேஜையில் பார்த்தேன். 1954 என்று போட்டிருந்தது. "வெள்ளிக்காசு" என்றார் விற்றவர். பன்னிரண்டு யூரோ கொடுத்து வாங்கி, பெருமையாகப் பாட்டியிடம் நீட்டினேன். தடவினார், மீன் என்றார், சரி. அப்புறம் மரத் தட்டின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து அதைப் போட்டார். டக் என்றது. தன் டப்பாவிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து அதையும் போட்டார். அது கணீர் என்று ஒரு நொடி கூடுதலாகப் பாடிவிட்டு அடங்கியது. "வெள்ளி வாய் திறக்கும்," என்றார்.

விஷயம் இதுதான். ஷில்லிங், ஃப்ளோரின், அரைக் கிரவுன் மூன்றிலும் ஆரம்பத்தில் முக்கால் பங்கு வெள்ளி. 1943 வரைதான் அது. 1951இலிருந்து அடித்தவை செம்பும் நிக்கலும் கலந்தவை. ஆண்டைப் பார்த்தாலே தெரியும், நான் மீனைத்தான் பார்த்தேன். 1943 ஆண்டுக் காசுகள் பெரும்பாலும் வெளியே விடப்படாமல் உருக்கப்பட்டதால் அந்த ஆண்டின் ஃப்ளோரினும் அரைக் கிரவுனும் இப்போது அபூர்வம். பாட்டியின் டப்பாவில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இல்லை.

பாட்டி கட்டைவிரலால் காசை அடையாளம் காண்கிறார் என்று நான் சொன்னால், கூட வேலை பார்க்கும் மலையாளிப் பெண் நம்பவில்லை. அளவை வைத்துச் சொல்கிறார் என்றாள். அவள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அரைக் கிரவுன் 32 மில்லிமீட்டர், பென்னி 31, ஃப்ளோரின் 28.5. ஆனால் 31க்கும் 32க்கும் என்ன பெரிய வித்தியாசம்? அதற்கு விளிம்பு இருக்கிறது: வெள்ளிக்காசின் விளிம்பில் பல் பல்லாக வரி ஓடும், செம்புக்காசின் விளிம்பு வழவழ. விரல் நுனியில் ஒரு நொடி போதும். நானும் கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்து பார்த்தேன். விளிம்பு எனக்குத் தெரிந்தது. கோழி தெரியவில்லை, ஏதோ மேடு பள்ளம்தான். பத்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கையுறைக்குள் அந்த ஒரே காசை உருட்டிக்கொண்டே நடந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

மறு பக்கத்து ஹார்ப்பை நான் கிட்டத்தட்ட விட்டேவிட்டேன். அது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் பழைய ஹார்ப்பை மாதிரியாக வைத்தது. பிரையன் போரு என்ற ராஜாவின் ஹார்ப் என்பார்கள், அவர் 1014இல் செத்துப்போனார், வாத்தியமோ அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. இதில் இன்னொரு வேடிக்கை: அயர்லாந்துக் காசில் முதலில் ஹார்ப்பைப் போட்டது இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி. அதற்கு மேல் ஒரு வேடிக்கை: கின்னஸ் கம்பெனி 1876இலேயே ஹார்ப்பைத் தன் வணிக முத்திரையாகப் பதிந்து வைத்திருந்தது. அதனால் நாட்டின் ஹார்ப் ஒரு பக்கம் பார்க்கும், பீர் பாட்டில் ஹார்ப் எதிர்ப்பக்கம் பார்க்கும். அரசாங்கம் பீர்க் கம்பெனிக்கு வழிவிட்ட ஊர் இது.

எழுத்தைப் பற்றி ஒன்று. பழைய காசுகளில் ஐரிஷ் மொழியைக் கேலிக் எழுத்துருவில் பொறித்திருக்கிறார்கள். அரை என்பதற்கான ஐரிஷ் சொல்லில் கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. புள்ளி வந்தால் 'ட' ஒலி மாறி வெறும் 'ஹ' மூச்சாகிவிடும். புள்ளி வைத்து எழுத்தின் ஒலியை மாற்றுவது நமக்குப் புதிதா? டார்ச்சை நெருக்கிப் பிடித்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. முதலில் வந்த காசுகளில் நாட்டின் பெயர் 'ஸேர்ஸ்டாட் ஏரன்', சுதந்திர நாடு என்று. 1937இல் புது அரசியல் சட்டம் வந்தபின் 1939 முதல் 'ஏரெ' என்று மட்டும். பாட்டியின் கோழிகள் பெரும்பாலும் ஏரெ கோழிகள்.

15 பிப்ரவரி 1971இல் நாடு தசமக் கணக்குக்கு மாறியது. கோழியும் பன்றியும் முயலும் நாயும் அத்தோடு போயின. காளை 5 பென்ஸிலும் மீன் 10 பென்ஸிலும் பிழைத்துக்கொண்டன, கால் பென்னியில் பறந்த உட்காக் பறவைக்கு 50 பென்ஸில் பதவி உயர்வு. 1986இல் குதிரை 20 பென்ஸில் திரும்பி வந்தது. புது செம்புக்காசுகளுக்கு கேப்ரியல் ஹேய்ஸ் என்ற சிற்பி, பழைய ஏடுகளில் வரும் பின்னல் பின்னலான பறவைகளை எடுத்து வரைந்தார். அழகுதான். ஆனால் அது ஏட்டுப் பறவை, முட்டை போடாது.

பிறகு 2002இல் யூரோ. மற்ற நாடுகள் கொஞ்சமாவது யோசித்தன. கிரீஸ் தன் ஒரு யூரோவில் பழைய ஏதென்ஸ் ஆந்தையைக் கொண்டுவந்தது, ஃபின்லாந்து அன்னங்களைப் பறக்க விட்டது. அயர்லாந்து எட்டுக் காசுக்கும் ஒரே ஹார்ப். ஜார்லத் ஹேய்ஸ் வரைந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை, சுற்றிப் பன்னிரண்டு நட்சத்திரம். எனக்கு மட்டும் எட்டுக்கும் ஒன்றே என்பது சமையலறையில் எல்லா டப்பாவிலும் 'பொடி' என்று எழுதி ஒட்டிய மாதிரி இருக்கிறது. பாட்டியிடம் ஒரு தடவை இரண்டு யூரோவைக் கொடுத்துப் பார்த்தேன். தடவினார், திருப்பினார், மறுபடி தடவினார். "பணம்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒரு சென்ட், இரண்டு சென்ட்டும் கடையில் பார்க்க முடிவதில்லை. 2015 அக்டோபரிலிருந்து ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை ஐந்து சென்ட்டுக்கு முழுசாக்கிவிடுகிறார்கள்.

போன மாதம் பாட்டி ஒரு கோழியை எடுத்து என் சீருடைப் பைக்குள் போட்டார். வேண்டாம் என்றேன். இங்கே இருப்பவர்களிடமிருந்து நாங்கள் எதுவும் வாங்கக் கூடாது, சாக்லேட் டப்பா என்றால் எல்லாருக்கும் பொதுவில் வைக்க வேண்டும், பணம் என்றால் கதையே வேறு. "இது பணமா? கடையில் போய்க் கொடுத்துப் பார்," என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது அது செல்லாமல் போய்.

காலையில் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், கோழியைப் பார்த்ததும் முகம் மாறியது. அவருடைய பாட்டி வீட்டிலும் ஒன்று இருந்ததாம், சன்னல் விளிம்பில். அப்புறம் அன்பளிப்புப் பதிவேட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். தேதி, கொடுத்தவர், பெற்றவர் எல்லாம் எழுதிவிட்டேன். பொருள் என்ற இடத்தில் 'பழைய காசு, 1' என்று எழுதினேன். தோராய மதிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மேலாளரே பேனாவை வாங்கி எழுதினார்: 'கோழி ஒன்று, குஞ்சுகளுடன்.'